வெள்ளைத் தொப்பிக்காரி

எங்கள் ஊர்க் கடற்கரையில் ஆண்டுக்கு ஒரு முறை, ஜூன் மாதத்து ஞாயிறு விடியலில், பெண்கள் நாங்கள் துணியைக் கழற்றி மணலில் போட்டுவிட்டு ஒன்றாகக் கடலில் இறங்குவோம். நோய் முற்றியவர்கள் கடைசிக் காலத்தைக் கழிக்கும் இல்லத்துக்காக நிதி திரட்டத்தான் இந்தக் கூத்து. சுற்றுவட்டாரத்திலிருந்து முன்னூறு பேர் வரை வருவார்கள். முதல் ஆண்டு எங்கள் பங்குச் சாமியார் பிரசங்கத்தில் முகத்தைச் சுளித்தார். அவருடைய அக்காவே அந்த இல்லத்தில் கண்ணை மூடிய பிறகு இதைப் பற்றி வாயைத் திறப்பதில்லை.

விசில் ஊதுவதும், படம் எடுப்பவர்களைப் பிடிப்பதும் என் வேலை. நான் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவள். பின்சீட்டில் எவன் என்ன சேட்டை செய்கிறான் என்று திரும்பிப் பார்க்காமலே சொல்லிவிடுவேன். அதனால் இந்த வேலையை என் தலையில் கட்டினார்கள்.

ஆரம்பத்தில் விதி எதுவும் இல்லை. எல்லாரும் நல்ல மனதோடுதான் வருகிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். பிறகு ஓர் ஆண்டு வெளியூர்க்காரி ஒருத்தி தன் தோழியைச் செல்போனில் படம் எடுத்தாள். தோழி சம்மதித்துச் சிரித்துக்கொண்டுதான் நின்றாள். அவளுக்குப் பின்னால் எங்கள் ஊர்க் கசாப்புக் கடைக்காரரின் மனைவி குனிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். அவள் தலைமுடி காய்வதற்குள் படம் மதுக்கடை வரை போய்விட்டது. கசாப்புக் கடைக்கு நல்ல விளம்பரம் என்று அங்கே ஒருவன் சொன்னானாம். அந்தப் பெண் அதற்குப் பிறகு கடலுக்கும் வரவில்லை, கடையிலும் நிற்கவில்லை. இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அதன் பிறகுதான் தொப்பி வந்தது. படத்தில் விழச் சம்மதம் என்றால் சிவப்பு நீச்சல் தொப்பி. வேண்டாம் என்றால் வெள்ளை. ஏன் வேண்டாம் என்று யாரும் யாரையும் கேட்கக் கூடாது. செல்போன்கள் எல்லாம் கரைக்கு இறங்கும் வழியில் ஓர் உருளைக்கிழங்குச் சாக்குக்குள் போகும். கேமரா வைத்துக்கொள்ள ஊனா என்ற ஒரு பெண்ணுக்கு மட்டும் அனுமதி. அவளும் சிவப்புத் தொப்பிகளைத்தான், அதுவும் பின்னால் இருந்துதான் எடுப்பாள். எல்லாவற்றுக்கும் மேலாக நான் சண்டை போட்டுச் சேர்த்த விதி ஒன்று உண்டு. யாராவது தெரியாமல் படத்தில் விழுந்துவிட்டால், விழுந்தவளுக்கு அதைச் சொல்லியாக வேண்டும். அந்தப் படத்தை என்ன செய்வது என்று அவள்தான் முடிவு செய்வாள். குழுவில் ஒருத்தி, "சத்தமில்லாம அழிச்சுட்டாப் போச்சு, பாவம் அவளை எதுக்குக் கலவரப்படுத்தணும்" என்றாள். "உன்னைக் கேக்காம உன் படத்தை நான் பார்த்து, நானே அழிச்சா உனக்குச் சம்மதமா?" என்று கேட்டேன்.

ஆண்களுக்குக் கரையில் இடமில்லை. ஊர்க் கால்பந்துச் சங்கத்து ஆட்கள் மஞ்சள் மேலங்கி மாட்டிக்கொண்டு மேலே சாலையில் கார்களை ஒழுங்குபடுத்துவார்கள். விசில் ஊதியதும் அத்தனை பேரும் கடலுக்கு முதுகைக் காட்டி, எதிரே மேயும் மாடுகளைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். சங்கத்துத் தலைவர் பேக்கி ஒவ்வோர் ஆண்டும் அதே நகைச்சுவையைச் சொல்வார். "அந்த மாடுங்களும் துணியில்லாமத்தான் நிக்குதுங்க நோரீன். அதுங்ககிட்ட சம்மதம் வாங்கினியா?"

இந்த ஆண்டு என்னோடு காரில் வந்தவள் டெர்வ்லா. என் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருப்பவள். கால்நடை மருத்துவரிடம் வேலை செய்கிறாள். கடிக்க வரும் நாய்கூட அவளைப் பார்த்தால் வாலாட்டும். போன ஆண்டுக்கு முந்தின குளிர்காலத்தில் அவளுக்கு இரண்டு மார்பையும் எடுத்துவிட்டார்கள். அவள் வருகிறேன் என்று சொன்னதே எனக்கு ஆச்சரியம்.

"நோரீன், ஒண்ணு சொன்னா சிரிக்க மாட்டியே?"

"கேட்டப்புறம்தான் சொல்ல முடியும்."

"இன்னிக்கு வீட்டுக்குப் போனதும் ஃபின்டனுக்குக் காட்டப் போறேன்."

ஃபின்டன் அவள் கணவன். நான் காரின் வேகத்தைக் குறைத்தேன். "இன்னும் காட்டலையா நீ?"

"இல்ல. குளியலறைல தாழ்ப்பாள் போட்டுக்கிட்டுத்தான் துணி மாத்தறேன். ராத்திரி கம்பளிச் சட்டையோட படுக்கறேன்."

"அவன் கேக்கலையா?"

"ஒரு தடவை கேட்டான். வேண்டாம்னேன். அதுக்கப்புறம் கேக்கவே இல்ல. நல்லவன்தான். அவன் அவ்வளவு நல்லவனா இருக்கறதுதான் எனக்குப் பயமா இருக்கு."

"சரி, புருஷனுக்குக் காட்டறதுக்கு எதுக்குடி முன்னூறு பேர் முன்னாடி அவுக்கணும்?"

"ஒத்திகை," என்று சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு பேசினாள். "அவங்களுக்கு என் பழைய உடம்பு தெரியாது. ஒப்பிட்டுப் பார்க்க மாட்டாங்க. அவன் பார்ப்பான். நான் சட்டையைக் கழட்டின உடனே அவன் முகம் ஒரு நொடி எப்படிப் போகுதுன்னு எனக்குப் பார்க்கணும் நோரீன். அந்த ஒரு நொடி போதும். நல்லதோ கெட்டதோ, தெரிஞ்சுடும். அப்புறம் அவன் வாயால என்ன சொன்னாலும் கவலையில்ல."

நான் அழுதால் கார் பள்ளத்தில் இறங்கிவிடும் என்பதால் அழவில்லை. "அதெல்லாம் நல்லாத்தான் போகும், கண்ணு," என்றேன். எனக்கு அதைப் பற்றி என்ன தெரியும்! சும்மா சொன்னேன்.

கரையில் காற்று கொஞ்சம் கடுமையாக இருந்தது. டெர்வ்லா வெள்ளைத் தொப்பியைக் காது வரை இழுத்து மாட்டிக்கொண்டாள். சுற்றிலும் பெண்கள் கத்திக்கொண்டும் கெட்ட வார்த்தை சொல்லிக்கொண்டும் துணியைக் கழற்றினார்கள். இவள் மட்டும் பெரிய துண்டைக் கழுத்துவரை சுற்றிக்கொண்டு நின்றாள். நான் பக்கத்திலேயே நின்றேன். விசிலை வாயில் வைத்ததும் அவள் துண்டை என் கையில் கொடுத்தாள். நான் அவள் கண்ணை மட்டும் பார்த்தேன். விசில் ஊதினேன். முன்னூறு பேரும் அலறிக்கொண்டு ஓடினார்கள், அவளும் ஓடினாள்.

அவளுடைய அலறல் தனியாகக் கேட்டது. குளிருக்காக மட்டும் வந்த அலறல் இல்லை அது. எனக்குச் சந்தோஷத்தில் உடம்பு சிலிர்த்தது.

ஊனா மணல்மேட்டில் மண்டியிட்டுச் சிவப்புத் தொப்பிகளைப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். நான் என் வழக்கப்படி சுற்றிலும் பார்த்தேன். சாலையில் மஞ்சள் மேலங்கிகள் வரிசையாக மாடுகளைப் பார்த்துக்கொண்டு நின்றன. வலது பக்கம் பாறை மேட்டில் இன்னொரு மஞ்சள் மேலங்கி இருந்தது. கால் தவறி யாரும் விழுந்துவிடாமல் பார்த்துக்கொள்ளப் பேக்கி நிறுத்திய ஆள் என்று நினைத்து, வந்து இறங்கியதுமே அவனுக்குக் கையை வேறு அசைத்திருந்தேன். எங்கள் ஊரில் மஞ்சள் மேலங்கி போட்டவனை யாரும் எதுவும் கேட்பதில்லை. அதை மாட்டிக்கொண்டு வந்தால் மாதா கோயில் மணியைக்கூடக் கழற்றிக்கொண்டு போகலாம்.

ஆனால் அந்த மேலங்கிக்கு மேலே தலைமுடி தெரிய வேண்டிய இடத்தில் முகம் தெரிந்தது. அதன் நடுவில் என்னவோ கறுப்பாக நீட்டிக்கொண்டிருந்தது.

விசிலையும் துண்டையும் கரையில் சூப் காய்ச்சிக்கொண்டிருந்தவளிடம் திணித்துவிட்டு மேட்டுப் பாதையில் ஏறினேன். என் முழங்கால் இருக்கும் இருப்புக்கு நான் அப்படி ஏறியிருக்கக் கூடாது. வழியெல்லாம் வசவுகளை அடுக்கிக்கொண்டே போனேன். எந்த ஊர்ப் பொறுக்கியோ, கேமராவைக் கடலில் எறிந்துவிட்டுத்தான் பேச்சு என்று முடிவு செய்திருந்தேன். கல் சுவருக்குப் பின்னால் அவன் உட்கார்ந்திருந்தான். நீளமான லென்ஸைச் சுவர்மேல் ஊன்றி, கண்ணை அதில் பதித்திருந்தான். நான் வந்தது அவனுக்குத் தெரியவில்லை. மேலங்கியின் காலரைப் பிடித்து இழுத்தேன். திரும்பினான். ஃபின்டன்.

"ஏசு மரி சூசை!" என்றேன்.

அன்று பேக்கியின் ஆட்களோடு சாலையில் கார்களை ஒழுங்குபடுத்த வந்தவன் அவன்; ஞாயிற்றுக்கிழமை கால்பந்து ஆட்டங்களைப் படம் எடுத்து வட்டாரப் பத்திரிகைக்குக் கொடுப்பவன். அந்த லென்ஸை ஊரில் எல்லாருக்கும் தெரியும்.

"கத்தாதே நோரீன். தயவு பண்ணி கத்தாதே."

"கத்தாம? உன்னைக் கார் நிறுத்த விட்டா இங்க வந்து பொம்பளைங்களை..."

"மத்தவங்களை எடுக்கல. ஒருத்தரையும் எடுக்கல, சத்தியமா. அவளை மட்டும்தான்."

"வெள்ளைத் தொப்பி போட்டிருக்காடா அவ!"

"என் பொண்டாட்டி நோரீன்."

"பொண்டாட்டின்னா? தொப்பி என்ன, உனக்கு மட்டும் வேற நிறமாத் தெரியுதா?"

அவன் கேமராவை மடியில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தான். ஆறடி ஆள், தோள் குலுங்க அழுதான். "எனக்கு வீட்ல கதவைச் சாத்தி ரெண்டு வருஷம் ஆகப்போகுது. நான் வாயைத் திறக்கல. இன்னிக்கு ஊர் உலகத்துக்கெல்லாம் திறந்திருக்கு, எனக்கு மட்டும் மாட்டைப் பாருன்னு சொல்றீங்க. நான் யாரு அவளுக்கு? என்னென்னவோ நினைச்சு ராத்திரியெல்லாம் தூங்கறதில்ல. நல்லாத்தான் இருக்கா. நீயே பாரேன், நல்லாத்தான்..."

கேமராவின் பின்திரையை என் பக்கம் திருப்பினான். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அவன்மேல் எனக்கு வந்த கோபம் பாதியில் நின்றுபோனது. அதை மறைப்பானேன். ஒரே கட்டிலில் படுத்துக்கொண்டு, கேட்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தவன். எனக்கு அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது, அடிக்கவும் கை பரபரத்தது.

"இப்பவே அழிச்சிடறேன்," என்று அவன் பொத்தானைத் தேடினான். "அவளுக்குச் சொல்லாதே. சொன்னா அவ தாங்க மாட்டா. நம்ம ரெண்டு பேரோட போகட்டும்."

நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். "அழிக்காதே. அது உன்னோடது இல்ல."

"பின்ன என்ன பண்ணச் சொல்றே?"

"காருக்குப் போ. அங்கேயே நில்லு."

கீழே இறங்கும்போதுதான் அந்த யோசனை வந்தது. சொல்லாமல் விட்டால் என்ன? படம் அழிந்துவிடும். டெர்வ்லா வீட்டுக்குப் போவாள், தேநீர் போடுவாள், சட்டையைக் கழற்றுவாள். அவன் முகம் நல்லபடியாகத்தான் இருக்கும். பார்த்துவிட்டான், பயம் தெளிந்துவிட்டது, அழுகையும் வந்துவிட்டது. அவளுக்கு வேண்டியது அந்த ஒரு நொடி. அது கிடைத்துவிடும். அதன் பிறகு இருவரும் ஒழுங்காகத் தூங்குவார்கள். நான் ஒருத்தி வாயைக் கட்டினால் போதும்.

ஆனால் அந்த நொடி தயார் செய்து வைத்த நொடியாக இருக்கும். அவள் அதை உண்மை என்று நம்பி மிச்ச வாழ்நாளை ஓட்டுவாள். எனக்கும் அவனுக்கும் தெரியும், அவளுக்குத் தெரியாது. இப்படி ஒரு நிலைமை யாருக்கும் வரக் கூடாது என்றுதானே நான் அந்தக் குழுவில் மேசையைத் தட்டிச் சண்டை போட்டேன்! கசாப்புக் கடைக்காரர் மனைவிக்கு ஒரு நியாயம், என் தோழிக்கு ஒரு நியாயமா என்று என்னையே திட்டிக்கொண்டேன். திட்டியதால் சுலபமாகிவிடவில்லை.

கரையில் எல்லாரும் அங்கியைச் சுற்றிக்கொண்டு சூப் குடித்துக்கொண்டிருந்தார்கள். டெர்வ்லா என்னைப் பார்த்ததும் ஓடி வந்தாள். உதடு நீலம், பல் தந்தியடிக்கிறது, முகம் முழுக்கச் சிரிப்பு.

"எங்க போயிட்டே? ஒரு பாட்டியம்மா என்னைப் பார்த்துட்டு, 'எனக்கும் இதே தையல்தான், பொண்ணே'ன்னு காட்டினாங்க. தண்ணிக்குள்ள நின்னுக்கிட்டு ரெண்டு பேரும் ஒரே சிரிப்பு! நோரீன், கார்ச் சாவி எங்க? எனக்கு சூப் வேண்டாம். இப்பவே அவனைக் கூட்டிக்கிட்டு வீட்டுக்குப் போகணும். தைரியம் ஆறிப்போறதுக்குள்ள போகணும்."

"டெர்வ்லா, கொஞ்சம் உக்காரு."

"உக்கார்ந்தா எழுந்துக்க மாட்டேன். வா வா."

"உன்னை ஒருத்தர் படம் எடுத்துட்டாங்க."

சிரிப்பு உடனே போகவில்லை. அவளுக்கு நான் சொன்னது புரிய நேரம் பிடித்தது. கை மட்டும் அங்கியின் கழுத்தை இறுக்கிப் பிடித்தது.

"யாரு? ஊனாவா? தவறுதலாவா?"

பள்ளிக்கூடப் பேருந்தில் எந்தப் பிள்ளையின் பெயரையும் கூசாமல் கத்துகிறவள் நான். அந்த ஒரு பெயரைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. அவள் என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஃபின்டன்," என்றேன். "பாறை மேட்டுல இருந்து. அழிக்கறேன்னான், நான் விடல. நீதான் சொல்லணும்."

அவள் வெறுங்காலோடு சாலைக்கு நடந்தாள். நான் அவள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். பேக்கி எங்களைப் பார்த்து, "என்ன பொண்ணுங்களா, தண்ணி சூடா இருந்துச்சா?" என்று ஆரம்பித்தவர், அவள் முகத்தைப் பார்த்ததும் மாடுகள் பக்கம் திரும்பிக்கொண்டார்.

என் கார் பக்கத்தில் ஃபின்டன் நின்றான். மஞ்சள் மேலங்கியைக் கழற்றிச் சுருட்டிக் கக்கத்தில் வைத்திருந்தான்.

"பார்த்தியா?" என்று கேட்டாள்.

"பார்த்தேன்."

"இன்னிக்கு உனக்குத்தான் காட்டறதா இருந்தேன். வீட்டுக்கு வந்து, நானே."

அவனுக்கு இது தெரியாது என்பதை நான் அப்போதுதான் முழுசாக உணர்ந்தேன். அரை மணி நேரம் பொறுத்திருந்தால் போதும், அதுவாகவே அவன் கைக்கு வந்திருக்கும். அவன் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டான்.

"டெர்வ்லா, நான் பார்க்கலைன்னு வச்சுக்கோ. எல்லாத்தையும் அழிச்சிடறேன். வீட்டுக்குப் போலாம். நீ காட்டு. நான் முதல் தடவையா..."

"முதல் தடவை முடிஞ்சு போச்சு ஃபின்டன்."

"எனக்கு ஒண்ணும் அசிங்கமாத் தோணல. சத்தியமாச் சொல்றேன். நல்லாத்தான் இருந்தே. நிம்மதியா இருந்துச்சு எனக்கு."

"இப்ப நீ அப்படித்தான் சொல்லுவே. மாட்டிக்கிட்டவன் வேற என்ன சொல்லுவான்? நிஜமாவே அப்படித்தான் இருந்துச்சுன்னாக்கூட இனிமே எனக்கு எப்படித் தெரியும்?"

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். கையை நீட்டினாள். அவன் கேமராவைக் கொடுத்தான். அவள் அதைத் திறந்து பார்க்கவில்லை, அழிக்கவும் இல்லை. வாரைத் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். ஈரத் தலையிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. பிறகு என் பக்கம் திரும்பினாள். அந்தப் பார்வை என்மேல் பட்டதும், சொல்லித் தொலைத்தவள் நான்தான் என்பது எனக்கு உறைத்தது.

"நீ மேல போனப்ப அவன் என்ன பண்ணிக்கிட்டிருந்தான்?"

"அழுதான்டி," என்றேன். அவசரமாகச் சொன்னேன். அவளுக்குக் கொடுக்க என்னிடம் இருந்தது அது ஒன்றுதான். "குலுங்கிக் குலுங்கி அழுதான்."

"என்னைப் பார்த்து அழுதானா? உன்கிட்ட மாட்டிக்கிட்டு அழுதானா?"

ஃபின்டன் என்னைப் பார்த்தான். ஒரு வார்த்தை சொல்லிவிடு என்று அவன் கண் கெஞ்சியது. டெர்வ்லா காத்துக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பொய் சொல்ல வேண்டும் என்று என் மனம் அப்படி ஏங்கியது.

"நான் பார்க்கல, கண்ணு," என்றேன். "நான் போனப்ப அவன் முகம் கேமராவுக்குப் பின்னாடி இருந்துச்சு."